ஏலம் எடுத்தவர் பணம் கட்டாவிட்டால் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டது இது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு பழைய மடிக்கணினி, கேமரா, கிராபிக்ஸ் கார்டு என்று இணையத்தில் ஏலம் விடுகிறீர்கள். சிலர் போட்டி போட்டு விலையை ஏற்றுகிறார்கள், ஏலமும் எடுக்கிறார்கள், அப்புறம் பணமும் வருவதில்லை, பதிலும் வருவதில்லை. கடைசியாக ஒரு மடிக்கணினியை 610 வெள்ளிக்கு எடுத்தவர் ஐந்து நாளாகப் பேச்சு மூச்சில்லாமல் இருக்கிறார். வழக்குப் போடலாமா, பெயரையும் தொலைபேசி எண்ணையும் குழுவில் போட்டு மற்றவர்களை எச்சரிக்கலாமா, இரண்டாவதாகக் கேட்டவரிடம் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவதாகக் கேட்டவரிடம் போங்கள், ஆனால் அவரிடம் அவர் கடைசியாகக் கேட்ட விலையைக் கேட்காதீர்கள். வழக்கு இந்தத் தொகைக்கு வேண்டாம். பெயரையும் எண்ணையும் எங்கேயும் போடவே போடாதீர்கள்.

மேசை நாற்காலி விற்பவருக்கு ஏலம் எடுத்தவர் ஏமாற்றினால் எரிச்சல் மட்டும்தான் மிச்சம். அடுத்த மாதமும் ஏறக்குறைய அதே விலைக்கு விற்கலாம். மின்னணுப் பொருள் அப்படி இல்லை. உற்பத்தியாளர் உத்தரவாதக் காலம் வாரம் வாரமாகக் குறைகிறது. செப்டம்பரில் புது ஐஃபோன் வந்தால் கையில் இருக்கும் பழையது சில நாளிலேயே இறங்கிவிடும். புது வரிசை கிராபிக்ஸ் கார்டு அறிவித்தாலும் அதே கதைதான். ஆகவே பணம் கட்டாதவர் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது நாட்களை. அவரைத் துரத்தத் துரத்த நீங்களும் இன்னும் கொஞ்சம் நாட்களை அவருக்கே கொடுக்கிறீர்கள். வாக்குக்கும் பணத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை முன்கூட்டியே சுருக்கி வைப்பதுதான் வேலை. அந்த இடைவெளி ஒரு மணி நேரமாக இருந்தால் நஷ்டமும் ஒரு மணி நேரம்தான்.

பணம் கட்டாதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. ஒரே மாடலை நாலு இடத்தில் கேட்டு வைத்து, எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுபவர் உண்டு. இரவு வேகத்தில் கேட்டுவிட்டுக் காலையில் மனம் மாறியவர் உண்டு. பள்ளிப் பையன்கள் உண்டு. பணம் கட்டும் எண்ணமே இல்லாமல் உங்கள் வங்கி விவரத்துக்காக மட்டும் வருகிற மோசடிக்காரர்களும் உண்டு. இவர்களோடு நிஜமாகவே மாட்டிக்கொண்ட நல்லவர்களும் கலந்திருக்கிறார்கள்.

கடைசி வகையை நாம் அவசரப்பட்டுத் தள்ளிவிடுகிறோம். உங்களிடம் வாங்குபவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் தம்பிகள் பலர் இருப்பார்கள். சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தால் போதும். மூன்றாம் தேதி ஏலம் எடுத்த ஒருவருக்கு ஏழாம் தேதிதான் கையில் பணம் வரலாம். ஞாயிற்றுக்கிழமைதான் அவர் விடுதியிலிருந்து லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா பக்கம் வர முடியும். ராணுவம் போன்ற கட்டாய தேசிய சேவையில் இருக்கும் பையன் பயிற்சிக்குப் போயிருந்தால் இரண்டு மூன்று நாள் கைப்பேசியையே பார்க்காமல் இருக்கலாம். இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, நாள் தவறிய வாங்குபவர்கள். ஒரு சின்ன முன்பணம் கேட்டால் இவர்கள் கொடுப்பார்கள். விளையாட்டுக்கு வந்தவர் கொடுக்க மாட்டார். ஆளைத் தரம் பிரிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி அதுதான்.

அதனால் ஏலத்தை அறிவிக்கும்போதே விதிகளை எழுதிவிடுங்கள். டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் நீங்களே ஏலம் நடத்தினால் விளம்பரத்தின் மேலேயே இப்படிப் போடலாம்: "ஏலம் ஞாயிறு இரவு 9 மணிக்கு முடியும். அந்த நேரத்தில் அதிகம் கேட்டிருப்பவருக்கு விற்பனை உறுதி. ஒரு மணி நேரத்துக்குள் 30 வெள்ளி முன்பணம். மீதி 48 மணி நேரத்துக்குள், அல்லது நேரில் வாங்கும்போது. முன்பணம் வராவிட்டால் அடுத்தவருக்குப் போகும். பொருள் நான் எழுதியதற்கு மாறாக இருந்தால் முன்பணம் முழுதும் திரும்பும்." கடைசி வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முன்பணம் கேட்டுவிட்டுக் காணாமல் போகும் விற்பனையாளர்களால் இங்கே நிறையப் பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர் முன்பணம் கேட்டாலே வாங்குபவர் பயப்படுவது நியாயம். உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும் குழுவில் மட்டும் முன்பணம் கேளுங்கள். தெரியாதவர் என்றால், பொருள் கைக்குப் போகும் வரை பணத்தைத் தன்னிடம் வைத்திருக்கும் தளத்தின் வழியாகவே விற்றுவிடுங்கள். பழைய பொருள்களை வாங்கி விற்கும் கெரோசல் தளத்தில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. அது அடிப்படையில் ஏலத் தளம் இல்லை, ஆனால் பலர் அங்கே வரும் விலைக் கேட்புகளை ஏலம் மாதிரியே நடத்துகிறார்கள்.

விதிகளை விடவும் பலன் தருவது பொருளைப் பற்றி முழுதாக எழுதுவது. இதைப் பலர் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஏலம் எடுத்த பிறகு "பேட்டரி எப்படி?" என்று ஒருவர் கேட்டு, நீங்கள் பதில் சொன்ன பிறகு அவர் மறைந்தால், அந்தப் பதில்தான் காரணம். அதை முன்பே சொல்லியிருந்தால் அவர் ஏலத்துக்கே வந்திருக்க மாட்டார். மேக்புக் என்றால் சைக்கிள் கவுன்ட், அதாவது பேட்டரி எத்தனை சார்ஜ் சுற்று ஓடியது என்ற எண், தெரியும் திரையைப் படம் எடுத்துப் போடுங்கள். விண்டோஸ் மடிக்கணினி என்றால் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டு எண்களையும் அது காட்டும். ஐஃபோன் என்றால் பேட்டரி எத்தனை சதவீதம் என்பதையும், பழைய ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் காட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டை கிரிப்டோ நாணய மைனிங்குக்கு ஓட்டியிருந்தால் அப்படியே சொல்லுங்கள். சார்ஜர் அசலா, மூலையில் நசுங்கியிருக்கிறதா, உத்தரவாதம் எந்தத் தேதி வரை, ரசீது இருக்கிறதா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். விலை கொஞ்சம் குறைவாக முடியலாம். ஆனால் முடிந்த விலை கைக்கு வரும்.

இபே என்ற இணைய ஏலத் தளத்தில் விற்கிறீர்கள் என்றால் ஏற்பாடு வேறு. உடனே வாங்கும் விலைக்கு வைக்கும் பொருளுக்கு, பணம் கட்டினால்தான் விற்பனை என்று அமைத்துக்கொள்ளலாம். சீக்கிரம் விலை இறங்கும் பொருளுக்கு நான் ஏலத்தை விட அதையே சொல்வேன். ஏலம்தான் என்றால், எடுத்தவருக்கு நாலு நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு விற்பனையை நீங்கள் ரத்து செய்யலாம். அப்போது காரணம் கேட்கும் இடத்தில் கவனமாக இருங்கள். "வாங்கியவர் பணம் கட்டவில்லை" என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். பொருள் கையிருப்பில் இல்லை என்று போட்டால் தவறு உங்கள் கணக்கில் ஏறும். வாங்கியவரே ரத்து செய்யச் சொன்னார் என்று பெருந்தன்மையாகப் போட்டால் அவர் கணக்கில் ஒன்றும் பதியாது, அடுத்த விற்பனையாளரிடமும் இதையே செய்வார். சரியான காரணத்தைப் போட்டால் விற்பனைக் கட்டணமும் உங்களுக்குத் திரும்பும். அங்கே விற்பவர் வாங்குபவருக்கு மோசமான மதிப்பீடு கொடுக்கும் வசதியை 2008இலேயே எடுத்துவிட்டார்கள். அதனால் ஒருவர் பணம் கட்டவில்லை என்பதற்கு இந்த ரத்துப் பதிவுதான் தடயம். இப்படிப் பதிவுகள் சேர்ந்தவர்கள் உங்கள் ஏலத்தில் கலந்துகொள்ளவே முடியாதபடி அமைப்புகளில் தடுக்கலாம். அதை இன்றே செய்துவிடுங்கள்.

இனி உங்கள் 610 வெள்ளிக்கு வருவோம். ஏலத்தில் மூன்று பேர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்றாமவர் 520 வரை வந்து நின்றுவிட்டார். இரண்டாமவர் 600 வரை கேட்டார். முதல் ஆள் 610 என்று சொல்லி எடுத்தார், இப்போது ஆளைக் காணோம். இரண்டாமவரிடம் "600க்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லத்தான் எல்லோருக்கும் தோன்றும். அவர் இடத்தில் நின்று பாருங்கள். அந்த 610 ஆள் வராமலே இருந்திருந்தால், ஒரு படி 5 வெள்ளி என்ற கணக்கில் இவர் 525க்கே எடுத்திருப்பார். 525க்கும் 600க்கும் நடுவில் உள்ள 75 வெள்ளி, பணம் கட்டாத ஒருவர் ஏற்றிவிட்டது. அந்த ஆள் நீங்களே ஏற்பாடு செய்த ஆளோ என்று கூட இரண்டாமவர் சந்தேகப்படுவார். சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருக்கிறது. விலையை ஏற்றிவிடத் தன் ஆளையே கேட்க வைக்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்வதும் வெளியிலிருந்து பார்த்தால் இப்படியேதான் தெரியும்.

நான் சொல்வது, நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு நடுவில் ஒரு விலை சொல்லுங்கள். "முதலில் எடுத்தவர் பணம் கட்டவில்லை. அவருடைய கேட்பை நீக்கிப் பார்த்தால் உங்களுக்கு 525க்கு வந்திருக்கும். 550க்குத் தருகிறேன், இன்று இரவு 10 மணி வரை உங்களுக்காக வைத்திருக்கிறேன். நேரில் பார்த்துச் சோதித்து வாங்கலாம்." கணக்கை நீங்களே எடுத்துச் சொன்னால் நம்பிக்கை வரும். 600க்குப் பிடிவாதம் பிடித்து, மறுபடி ஒரு வாரம் ஏலம் விட்டு, கடைசியில் 540க்கு விற்பதை விட இது எவ்வளவோ மேல். இபேயில் இரண்டாமவருக்கு இன்னொரு வாய்ப்புத் தரும் வசதி இருக்கிறது. ஏலம் முடிந்து 60 நாள் வரை பயன்படுத்தலாம், ஆனால் அங்கே விலை அவர் கடைசியாகக் கேட்ட உச்ச விலையாகவே போகும். அதனால் அங்கே பலர் மறுப்பார்கள். வருத்தப்படாமல் மறுபடி பட்டியலிடுங்கள்.

இரண்டாமவரிடம் பேசுவதற்கு முன் முதல் ஆளுக்கு ஒரு செய்தி போக வேண்டும். இதைக் கோபத்தில் எழுதாதீர்கள், நிதானமாக எழுதுங்கள். "வணக்கம். 610 வெள்ளிக்கு நீங்கள் எடுத்த மடிக்கணினிக்கு இன்னும் பணம் வரவில்லை. நாளை இரவு 9 மணிக்குள் வராவிட்டால் விற்பனையை ரத்து செய்து வேறொருவருக்கு விற்றுவிடுவேன். கூடுதல் நாள் தேவை என்றால் அதற்குள் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். சம்பளம் வராமல் மாட்டியவர் இதற்குப் பதில் போட்டுவிடுவார். சட்டத்திலும் இந்தச் செய்திக்கு வேலை இருக்கிறது. இங்கே நடைமுறையில் உள்ள பொருள் விற்பனைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, பணம் வராத விற்பனையாளர் மறுபடி விற்கப்போவதாக வாங்கியவருக்குத் தெரிவித்து, நியாயமான காலத்துக்குள் பணம் வராவிட்டால் வேறொருவருக்கு விற்கலாம் என்கிறது. விலை வித்தியாசத்தால் வந்த நஷ்டத்தைக் கேட்கவும் இடம் தருகிறது. தேதி நேரத்தோடு அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு என்று கேட்டீர்கள் அல்லவா? ஸ்மால் கிளெய்ம்ஸ் என்று எல்லோரும் சொல்லும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இதற்கு வழி திறந்தே வைத்திருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் எதைக் கேட்பீர்கள் என்று யோசியுங்கள். 610க்கு எடுத்தார், நீங்கள் 550க்கு விற்றீர்கள், நஷ்டம் 60 வெள்ளி. அந்தப் 60 வெள்ளிக்காக எதிர்த்தரப்பின் உண்மைப் பெயரும் முகவரியும் வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு பயனர் பெயரும், இப்போது எடுக்காத ஒரு எண்ணும். ஒரு அலுவலகத்திலிருந்து வந்த இருபது மடிக்கணினிகளை ஒரு கடைக்காரர் மொத்தமாக ஏலம் எடுத்து ஏமாற்றினால் நான் போகச் சொல்வேன். ஒரு பொருளுக்கு வேண்டாம்.

எடுத்தவர் பள்ளிப் பையன் என்றால் இன்னும் சிக்கல். இங்கே ஒப்பந்தம் செய்யும் வயது 2009இலிருந்து பொதுவாக 18. அதற்குக் கீழே உள்ள பையன் விளையாட்டுக் கணினிக்காகச் செய்த ஒப்பந்தத்தை அவன் மேல் சுமத்துவது கடினம். ஆள் சின்னப் பையன் என்று தெரிந்தால் "அப்பா அம்மாவோடு வா" என்று சொல்லுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

"சைபரைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன்" என்று சிலர் சொல்வார்கள். 560 என்று அடிக்க நினைத்து 5,600 என்று அடித்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். 2003இல் இங்கே ஓர் இணையக் கடையில் 3,854 வெள்ளி லேசர் பிரிண்டர் தவறுதலாக 66 வெள்ளி என்று போடப்பட்டது. நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. விலை தவறு என்று அறிந்தே வாங்க முனைந்ததால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 2005இல் தீர்ப்பு வந்தது. டிஜிலேண்ட்மால் வழக்கு என்று சட்டம் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். வாங்குபவர் பக்கம் தவறு நடந்து, அது உங்களுக்கே கண்கூடாகத் தெரிந்தாலும் இதே நியாயம்தான். அந்தக் கேட்பை நீக்கிவிட்டு ஏலத்தைத் தொடருங்கள்.

பெயரையும் எண்ணையும் குழுவில் போடுவது பற்றி. கோபம் எனக்குப் புரிகிறது, மற்றவர்களைக் காப்பாற்ற நினைப்பதும் நல்ல எண்ணம்தான். ஆனால் ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது, துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் 2020 முதல் இங்கே குற்றம். நீங்கள் எச்சரிக்கை என்று போட்டதைப் பார்த்து, குழுவில் உள்ள நாலு பேர் அவருக்கு நள்ளிரவில் அழைத்துத் திட்டினால், 610 வெள்ளிக்குப் பணம் கட்டாதவர் பாதிக்கப்பட்டவராகவும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியவராகவும் ஆகிவிடுவீர்கள். தளத்தில் புகார் கொடுங்கள், அவரை பிளாக் செய்யுங்கள். குழு நிர்வாகியிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் அந்தக் கணக்கை நீக்கினால் போதும்.

பணம் கட்டாமல் போகிறவரை விட, கட்டிவிட்டேன் என்று சொல்கிறவரிடம் இன்னும் கவனம் தேவை. ஏலத்தில் தோற்ற கோபமோ வென்ற சந்தோஷமோ இல்லாமல், "கூரியர் அனுப்புகிறேன், இந்த லிங்கைத் திறந்து உங்கள் வங்கி விவரம் போட்டால் பணம் வரும்" என்று ஒருவர் சொன்னால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள். உங்களுக்குப் பணம் வர உங்கள் கடவுச்சொல்லோ வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணோ (OTP) தேவையே இல்லை. சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

நேரில் கொடுக்கும்போது எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு, வாங்குபவர் காட்டும் பேநவ் (வங்கிகளுக்கிடையே உடனே பணம் அனுப்பும் வசதி) திரையைப் பார்த்துப் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். திரையைப் போலியாகச் செய்யலாம், நாளைக்கு அனுப்புமாறு நேரம் குறித்து வைத்த பரிமாற்றத்தைக் கூட இன்று போனது போல் காட்டலாம். பேநவ் பணம் சில நொடிகளில் வந்துவிடும். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, இருப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். "எங்கள் வங்கியில் கொஞ்சம் தாமதம்" என்றால் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு சேர்ந்தே காத்திருங்கள். நல்லவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

ஒன்று மட்டும் கூடுதலாகப் பாருங்கள். ஏலம் எடுத்தவர் ஒருவர், பணம் வந்த பெயர் வேறொருவர் என்றால் பொருளைக் கொடுக்காமல் நிறுத்தி விசாரியுங்கள். வேறு யாரையோ ஏமாற்றி, அந்த ஆளை உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்ப வைத்து, பொருளை மட்டும் தான் வாங்கிக்கொண்டு போகும் மோசடி இருக்கிறது. பணத்தை இழந்தவர் போலீஸுக்குப் போனால் தடம் உங்கள் வங்கிக் கணக்கில் வந்து நிற்கும், விசாரணை முடியும் வரை கணக்கே முடங்கலாம். மனைவி பெயரில் அனுப்பினேன் என்பது உண்மையாகவும் இருக்கும். உண்மை என்றால் அவரையே அழைத்துப் பேச வைப்பதில் யாருக்கும் கஷ்டம் இல்லை.

உங்கள் மடிக்கணினிக்கு இப்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்று இரவே முதல் ஆளுக்கு அந்தச் செய்தியை அனுப்புங்கள். நாளை இரவு 9 மணி தாண்டியதும் ரத்து செய்துவிட்டு இரண்டாமவருக்கு 550 என்று எழுதுங்கள். அவர் வேண்டாம் என்றால் பேட்டரி ரிப்போர்ட்டோடும் முன்பண விதியோடும் மறுபடி ஏலத்துக்கு விடுங்கள். மாதத்தின் ஏழாம் தேதிக்கு அப்புறம் வரும் ஞாயிறு இரவு முடியும்படி வையுங்கள். அந்த வாரத்தில் சம்பளம் வந்திருக்கும், ஞாயிறு இரவு பலர் கைப்பேசியோடுதான் இருப்பார்கள். குறைந்தபட்ச விலையாக 500 வையுங்கள். இடையில் முதல் ஆள் திடீரென்று வந்து "பணம் அனுப்பட்டுமா?" என்று கேட்டால், புதிய ஏலத்தில் முன்பணம் கட்டிக் கலந்துகொள்ளச் சொல்லுங்கள்.